விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ நடத்திக்கொண்டிருந்த வாரம் அது. அடக்க விலை, விற்ற விலை, இலாபம், நட்டம், தள்ளுபடி என்று கரும்பலகை நிறைந்திருந்தது. மதிய இடைவேளையில் என் மாணவி ஒருத்தியின் அம்மா வகுப்பறை வாசலில் வந்து நின்றார். பழவேற்காட்டுப் பக்கம் பிறந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். பனையோலைப் பெட்டி முடைவதில் கைதேர்ந்தவர். அவரும் இன்னும் ஐந்து பெண்களும் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து, ஆடி மாதம் நூறு பெட்டிகளை நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் கொடுத்திருந்தார்கள். “வையுங்க, வித்ததும் காசு தரேன்” என்றாராம் கடைக்காரர். ஐப்பசி பிறந்துவிட்டது. இரண்டு தவணையாக மூவாயிரம் ரூபாய் வந்திருந்தது. மீதி என்ன ஆயிற்று என்று கேட்டால், “மழையில கொஞ்சம் பூஞ்சை புடிச்சிருச்சு, பார்க்கலாம்” என்பதே பதில்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “டீச்சர், நான் பெட்டிய வித்துட்டேனா, இல்ல இன்னும் விக்கவே இல்லையா?”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக இலாப நட்டக் கணக்கு நடத்துகிறேன். நம் கணக்குகளில் எல்லாம் “ஒருவர் ஒரு பொருளை இவ்வளவுக்கு விற்றார்” என்று முதல் வரியிலேயே விற்பனை முடிந்துவிடும். அந்த அம்மாவின் கணக்கிலோ விற்பனை நடந்ததா இல்லையா என்பதே கேள்வி. பதில் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதையும், அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்த விதத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பொருள் கைமாறும், உரிமை மாறாது

சாதாரண விற்பனையில் பொருளும் உரிமையும் சேர்ந்தே கைமாறும். கடைக்காரர் நம்மிடம் நூறு பெட்டி வாங்கினால், பணத்தை உடனே தந்தாலும் கடன் சொன்னாலும் பெட்டி அவருடையது. அது விற்காமல் போனால் நட்டம் அவருக்கு.

இன்னொரு முறை உண்டு. பொருளை நாம் கடையில் வைக்கிறோம். அவர் நமக்காக விற்றுத் தருகிறார். விற்ற தொகையில் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தருகிறார். விற்காதது நமக்கே திரும்பி வருகிறது. வாடிக்கையாளர் வாங்கும் நிமிடம் வரை பொருள் நம்முடையதே. இதைத்தான் வணிகவியல் நூல்கள் ‘அனுப்பீடு’ என்கின்றன. அனுப்புபவர் அனுப்புநர், பெற்று விற்பவர் பெறுநர் அல்லது முகவர். கடைத்தெருவில் இதன் பெயர் ‘கன்சைன்மென்ட்’. ஊர்ப்பேச்சில் “வித்தா காசு, விக்கலைன்னா சரக்கு”.

ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில்: வாடிக்கையாளர் வாங்கிச் சென்ற பெட்டிகளை அவர் விற்றுவிட்டார். கடையில் கிடக்கும் பெட்டிகளை விற்கவில்லை, அவை இன்னும் அவருடையவை. எது எத்தனை என்று சொல்லும் தாள் ஒன்று இருக்க வேண்டும். அவரிடம் இல்லாதது அந்தத் தாள்தான்.

நம்மைச் சுற்றி எங்கெல்லாம் இது நடக்கிறது?

பேருந்து நிலையத்துக் கடையில் தொங்கும் வார இதழைப் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரர் அதை முழுதாக வாங்கிவிடுவதில்லை. விற்ற பிரதிகளுக்குக் கமிஷன் போகப் பணம் கட்டுவார், விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்புவார். புத்தகக் காட்சியில் சொந்த அரங்கு எடுக்க முடியாத சிறு பதிப்பகத்தார், இன்னொருவர் அரங்கில் தம் நூல்களை வைத்துவிட்டு, முடிவில் கணக்குப் பார்த்து மீதியை எடுத்துச் செல்வதும் இதே வழக்கந்தான்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மல்லிகை பயிரிடும் ஊர்களிலிருந்து பூ மூட்டைகள் விடியுமுன் கோயம்பேட்டுக்குக் கிளம்புகின்றன. பல விவசாயிகள் மூட்டையோடு போவதில்லை. மண்டிக்காரர் அன்றைய விலைக்கு விற்று, கமிஷன், வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி ஆகியவற்றைக் கழித்துச் சீட்டு எழுதி அனுப்புவார். இதுவும் அனுப்பீட்டு விற்பனைதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓலைப் பெட்டி விற்காவிட்டால் திரும்பி வரும், பூ வராது. விலை விழுந்த நாளில் இழப்பு முழுவதும் அனுப்பியவருக்கு. மண்டியில் முன்பணம் வாங்கியவராக இருந்தால், வேறு மண்டிக்கு மாற்றிப் போடவும் கை கட்டப்பட்டிருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இது நடக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த தந்தை ஒருவர் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். பேச்சுவாக்கில் பெட்டிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். “எங்க ஸ்டோர்லயும் அப்படித்தான் டீச்சர். ரேக்குல மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற போல்ட், நட்டு, கட்டிங் டூல் எல்லாம் எங்க கம்பெனி சரக்கு இல்ல. சப்ளையரோடது. நாங்க எடுத்தாத்தான் பில்லு.”

சப்ளையர் தன் சரக்கைத் தொழிற்சாலைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். தேவைப்படும்போது ஆட்கள் எடுக்கிறார்கள். எடுத்ததற்கு மட்டும் மாத முடிவில் பில். இங்கே தொழிற்சாலை சரக்கை விற்பதில்லை, தானே பயன்படுத்துகிறது. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: எடுக்கும்வரை சரக்கு சப்ளையருடையது.

காத்திருக்கும் பணம் யாருடையது?

ஒரு பொருள் செய்து முடிந்த நாளுக்கும், அது விற்றுக் காசாகும் நாளுக்கும் இடையில் இடைவெளி உண்டு. அந்த நாள்கள் முழுவதும் யாரோ ஒருவருடைய பணம் பொருளாக முடங்கிக் கிடக்கிறது. யாருடைய பணம் என்பதில்தான் ஒரு வணிக முறைக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு.

இதற்கு நேர் எதிரான முறை அந்த அம்மா பிறந்த பழவேற்காட்டிலேயே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரைத் துணிகளை வாங்கினார்கள். அந்தக் காலத்துத் துணி வணிகம் பெரிதும் முன்பணத்தில் நடந்தது. கம்பெனி உள்ளூர் வணிகருக்குப் பணம் கொடுக்கும், வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார், பிறகு தறியில் துணி ஏறும். முடங்குவது வாங்குபவரின் பணம். அதற்கு ஈடாக, இன்னாருக்கே இன்ன விலைக்கே தர வேண்டும் என்று நெசவாளர் கட்டுண்டு கிடந்தார்.

அனுப்பீட்டில் இது தலைகீழ். முடங்குவது செய்தவரின் பணம். பெறுநர் கையிலிருந்து முதல் போடாமலே கடையை நிரப்பிக்கொள்கிறார். இதில் தவறேதும் இல்லை. புதிய பொருளை வாங்கி வைக்கக் கடைக்காரர் தயங்குவார். ‘வைத்துப் பாருங்கள், விற்றால் தாருங்கள்’ என்றால் இடம் கொடுப்பார். பெயர் தெரியாத பொருளும் கடைக்குள் நுழைய இது வழி. விலை நிர்ணயிக்கும் உரிமையும் செய்தவரிடமே இருக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பணத்துக்குப் பதிலாகப் பொருளைக் கடனாகக் கொடுத்திருக்கிறோம். பணம் கடன் கொடுத்தால் எழுதி வாங்குகிற நாம், பொருளைக் கொடுக்கும்போது எழுதி வாங்குவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நூறு பெட்டிகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு ஓலை, சாயம், நூல் எல்லாம் சேர்த்து ₹20. முடையும் கூலி ₹40. அடக்கம் ₹60. நூறு பெட்டிக்கு ₹6,000. ஆட்டோ வாடகை ₹300. ஆக மொத்தச் செலவு ₹6,300.

கடையில் ஒரு பெட்டி ₹100 வீதம் 70 பெட்டிகள் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 20 சதவீதம். வாடிக்கையாளருக்குப் பை போட்டுக் கொடுத்த செலவு ₹100. கடைக்காரர் எழுதித் தர வேண்டிய விற்பனை அறிக்கை இப்படி இருக்கும்:

விற்பனை: 70 × ₹100 = ₹7,000
கழிக்க, கமிஷன் 20%: ₹1,400
கழிக்க, பைச் செலவு: ₹100
அனுப்புநருக்குத் தர வேண்டியது: ₹5,500
கையிருப்பு: 30 பெட்டிகள்

இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்: இலாபமா, நட்டமா? பெரும்பாலோர் “செலவு 6,300, வரவு 5,500, நட்டம் 800” என்பார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான் சொன்னார்கள். கையிருப்பை அவர்கள் எண்ணவில்லை.

மீதமுள்ள 30 பெட்டிகளின் அடக்கம் ₹1,800. அவை கடைக்குப் போன வண்டி வாடகையில் அவற்றின் பங்கு ₹90. ஆகக் கையிருப்பின் மதிப்பு ₹1,890. பைச் செலவு விற்ற பெட்டிகளுக்கானது, எனவே கையிருப்பில் சேராது. விற்ற 70 பெட்டிகளுக்கு மட்டும் பார்த்தால் அடக்கம் ₹4,200, வண்டி ₹210, கமிஷன் ₹1,400, பை ₹100, மொத்தம் ₹5,910. விற்பனை ₹7,000. இலாபம் ₹1,090. கையில் குறையும் ₹800ஐக் கையிருப்பின் ₹1,890இலிருந்து கழித்தாலும் அதே ₹1,090 வருகிறது. சரிபார்க்க இது எளிய வழி.

இந்தக் கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏட்டில் ₹1,090 இலாபம். ஆனால் அந்த இலாபம் முழுவதும் கடையில் கிடக்கும் 30 பெட்டிகளுக்குள் இருக்கிறது. அவை நல்ல நிலையில் திரும்பினால் இலாபம். பூஞ்சை பிடித்தோ, காணாமலோ போனால் ₹800 நட்டம்.

மேல்நிலை நோக்கிச் செல்லும் மாணவர்களுக்கு இன்னொரு கேள்வி தரலாம். விற்காத பெட்டிகள் ஒன்றுக்கும் உதவாது என்று வைத்துக்கொண்டால், எத்தனை பெட்டி விற்றால் முதல் தேறும்? ஒரு பெட்டிக்குக் கமிஷன் போக ₹80. பைச் செலவை மாறாத ₹100 என்றே கொண்டால் மொத்தச் செலவு ₹6,400. 6,400 ÷ 80 = 80 பெட்டிகள். நூற்றுக்கு எண்பது! வேறொரு கடைக்காரர் “ஒரு பெட்டி எழுபது ரூபாய், நூறையும் இப்போதே எடுத்துக்கொள்கிறேன்” என்று அதே ஆட்டோ வாடகையில் கேட்டால் ₹700 இலாபம் உறுதி. எதை ஏற்பது? இதற்கு ஒற்றை விடை இல்லை. கையில் பணம் இருப்பவர் காத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை குழுக் கடன் தவணை கட்ட வேண்டியவர் காத்திருக்க முடியாது. இந்த விவாதம் என் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுப்பீட்டில் கடைக்காரர் முகவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவருடைய கடமைகளைத் தெளிவாகச் சொல்கிறது. உரிமையாளர் கேட்டால் முறையான கணக்கைக் காட்ட வேண்டும் என்பது 213ஆம் பிரிவு. வசூலித்த பணத்திலிருந்து தமக்குரிய கமிஷனையும் செய்த செலவையும் பிடித்துக்கொள்ளலாம் என்பது 217. மீதியை உரிமையாளரிடம் சேர்க்க வேண்டும் என்பது 218. “கணக்குக் காட்டுங்கள்” என்று கேட்பதை நம் மக்கள் சந்தேகப்படுவதாக நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். அது உரிமை என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

மழையில் நனைந்தால் யார் பொறுப்பு? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை யாரிடமோ இடரும் அவரிடமே என்கிறது. ஆனால் பிறர் பொருளை வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதைப்போல அதைக் காக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு கூறுகிறது. அப்படிக் காத்தும் சேதமானால் இழப்பு உரிமையாளருக்கு. ஒழுகும் கூரையின் கீழ் போட்டு வைத்திருந்தால் கடைக்காரர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

அனுப்பீட்டைப்போலவே தோன்றும் இன்னொன்று உண்டு: “பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்புங்கள்” என்று கொடுப்பது. இங்கே பெறுபவர் முகவர் அல்லர், வாங்கக்கூடியவர். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்தாலோ, தன் பொருளாகப் பாவித்து ஏதேனும் செய்தாலோ, குறித்த கெடு தாண்டியும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தாலோ பொருள் அவருடையதாகிவிடும். கெடு குறிக்கவில்லை என்றால் நியாயமான காலம் கடந்ததும் அவ்வாறே ஆகும். ஆகவே கொடுக்கும் நாளிலேயே எந்த ஏற்பாடு, எவ்வளவு நாள் என்று எழுதிக்கொள்வது முக்கியம்.

கடைக்காரர் கடனுக்கு விற்று, வாங்கியவர் பணம் தரவில்லை என்றால்? அனுப்புநரின் அனுமதியோடு கடன் கொடுத்திருந்தால் பொதுவாக இழப்பு அனுப்புநருக்கே. வாராக்கடனைத் தானே ஏற்பதாகச் சொல்லி அதற்கெனக் கூடுதல் கமிஷன் வாங்கும் முகவரும் உண்டு. வணிகவியல் ஆசிரியர்கள் நடத்தும் ‘டெல் கிரெடரே’ முகவர் இவர்தான்.

அந்தப் பெட்டிகள் என்ன ஆயின?

அந்த அம்மாவும் குழுவில் இருவரும் கையில் ஒரு பட்டியலோடு கடைக்குப் போனார்கள். நான் போகவில்லை, பட்டியலை மட்டும் எழுதிக்கொடுத்தேன். கடைக்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவரிடமும் எழுத்து இல்லை, அவ்வளவுதான். பின்கட்டில் ஒரு சாக்கில் 18 பெட்டிகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. யோசித்துப் பார்த்து இன்னும் ₹1,200 கொடுத்தார். மற்றப் பெட்டிகள் எத்தனை, என்ன விலைக்கு விற்றன என்று அவருக்கே தெரியவில்லை.

மொத்த வரவு ₹4,200. ஓலை, சாயம், ஆட்டோ செலவு ₹2,300 போக ₹1,900 மிஞ்சியது என்று அந்தப் பெண்கள் முதலில் நினைத்தார்கள். கூலியை அவர்கள் கணக்கிலேயே எழுதவில்லை. எழுதியபோதுதான் ஒரு பெட்டிக்கு நாற்பது ரூபாய் கிடைக்க வேண்டிய கூலி பத்தொன்பது ரூபாயாகக் குறைந்தது தெரிந்தது. குழுவில் ஒருவர் முடைவதை விட்டுவிட்டு ஒப்பந்த வேலைக்குக் கம்பெனிக்குப் போய்விட்டார். ஒரு கைத்தொழில் இப்படியும் கைவிட்டுப் போகிறது.

வகுப்பில் செய்தது

ஸ்டோரில் வேலை பார்க்கும் தந்தையை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தேன். சரக்கு உள்ளே வரும்போது இரண்டு பேர் எண்ணுவது, இரண்டு படியில் கையெழுத்து இடுவது, எடுக்கும்போதெல்லாம் அட்டையில் எழுதுவது, மாத முடிவில் இரு தரப்பும் சேர்ந்து எண்ணுவது என்று நான்கே நான்கு பழக்கங்களைச் சொன்னார். “போல்ட்டுக்கு இருக்கிற கணக்கு எங்க அம்மா பெட்டிக்கு ஏன் இல்ல சார்?” என்று கேட்டாள் அந்த மாணவி. அவர் பதில் சொல்லவில்லை. பதிலை வகுப்பு செய்தது.

மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து ஒரு குறிப்பேடு வடிவமைத்தார்கள். இடப்பக்கம் கொடுக்கும் நாளன்று எழுத வேண்டியவை: தேதி, பொருள், எண்ணிக்கை, விற்க வேண்டிய விலை, கமிஷன் சதவீதம், எந்தெந்தச் செலவைக் கழிக்கலாம், சேதமானால் யார் பொறுப்பு, மீதியைத் திருப்பி எடுக்கும் நாள். வலப்பக்கம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுத வேண்டியவை: விற்றது, கையிருப்பு, சேதம், பெற்ற பணம், இருவர் கையொப்பம். கார்பன் தாள் வைத்து இரண்டு படி. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு சமன்பாடு:

கொடுத்தது = விற்றது + கையிருப்பு + சேதம்

இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாகாவிட்டால் அன்றே கேட்க வேண்டும், மூன்று மாதம் கழித்து அல்ல.

இதை நீங்களும் உங்கள் வகுப்பில் செய்யலாம். தொடக்க நிலையில் பத்துப் பென்சில்களை வைத்து ‘கடைக்காரர்’, ‘பொருள் தந்தவர்’ என்று நடிக்கச் செய்து சமன்பாட்டை மட்டும் சரிபார்க்கச் சொல்லலாம். நடுநிலை, உயர்நிலையில் சதவீதத்தோடு விற்பனை அறிக்கை எழுதச் சொல்லலாம். மேல்நிலையில் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கலாம். வீட்டுப்பாடமாக, தம் ஊரில் யார் யார் எதையெல்லாம் இப்படி விற்கிறார்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புக்குப் பூ, கீரைவிதை, ஊறுகாய், தைத்த ரவிக்கை, கருவாடு என்று பதினொரு பொருள்கள் வந்தன. வீட்டின் வருமான விவரம் கேட்க வேண்டாம், பொருளும் முறையும் போதும்.

தை மாதம் அந்தப் பெண்கள் வேறொரு கடைக்கு நாற்பது பெட்டிகள் கொடுத்தார்கள். குறிப்பேட்டைப் பார்த்த கடைக்காரர் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு, “எனக்கும் இது வசதிதான்” என்று கையெழுத்துப் போட்டாராம். பதினைந்தாம் நாள் எண்ணியபோது விற்றது 23, கையிருப்பு 16, சேதம் 1. அந்தப் பக்கத்தை மாணவி வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

கூட்டிப் பார்த்தோம். நாற்பது.